பெட்டியில் 340 லிட்டர், எஞ்சினுக்கு எத்தனை?

டர்போ காருக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி உள்ள கார்) மணிக்கு 255 லிட்டர் பெட்ரோல் தள்ளும் ஃப்யூவல் பம்ப் போதுமா, இல்லை 340-க்கே போய்விடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 400 குதிரைத்திறன் இலக்கு என்று எழுதியிருந்தார், ஆனால் பூஸ்ட், அதாவது டர்போ காற்றை எவ்வளவு அழுத்தத்தில் திணிக்கிறது என்று சொல்லவில்லை. அது தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

முதலில் தேவையைக் கணக்குப் போட்டுவிடலாம், இது சுலபம். டர்போ எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 400-க்கு 108 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக மணிக்கு சுமார் 147 லிட்டர். பாதுகாப்புக்கு 20 சதவீதம் கூட்டினால் 176. அப்போ 255 தாராளம்தானே என்று தோன்றும். அந்த 255 எந்த அழுத்தத்தில் அளந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைப்பது என்பதை எஞ்சின் கணினி முடிவு செய்கிறது. திறந்திருக்கும் அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் வெளியே வரும் என்பது இன்ஜெக்டருக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்தத்தின் வித்தியாசத்தைப் பொறுத்தது, சரியாகச் சொன்னால் அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தை. குழாயில் 3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் டர்போ 1.5 பார் காற்றை அடைக்கிறது என்றால் அந்தக் காற்று இன்ஜெக்டரின் வாயிலேயே எதிர்த்துத் தள்ளும், மிஞ்சுவது 1.5 பார்தான். பாதி வித்தியாசம் என்றால் ஓட்டம் 71 சதவீதமாகக் குறைந்துவிடும். அதிகம் காற்று வரும் நேரம் பார்த்து பெட்ரோல் குறைகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) தொடங்கும், பிஸ்டன் உருகுவது வரை போகும்.

இதைத் தடுக்கிற பிரஷர் ரெகுலேட்டரை எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரு சின்ன உலோக டப்பா, நடுவில் ரப்பர் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஒரு ஸ்பிரிங், கூடவே மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய குழாய். ஸ்பிரிங்கின் தள்ளலையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் சேர்த்தால் வருவதை விட பெட்ரோல் அழுத்தம் அதிகமானால் சவ்வு விலகி, மிச்சப் பெட்ரோலை ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே அனுப்பிவிடும். அவ்வளவுதான் வேலை. பூஸ்ட் 1.5 பார் ஏறினால் ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயின் அழுத்தம், தானாக 4.5 பார் ஆகிறது. ஐடிலில் (கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) மேனிஃபோல்டில் வெற்றிடம் 0.6 பார் என்றால் தானாக 2.4-க்கு இறங்குகிறது, இன்ஜெக்டர் பார்க்கும் வித்தியாசம் எப்போதும் 3 பார்தான். சென்சாரும் இல்லாமல் மென்பொருளும் இல்லாமல் ரப்பரும் ஸ்பிரிங்கும் நொடிக்கு நொடி கழித்தல் கணக்குப் போடுகின்றன, எவ்வளவு அழகான பொறியியல் இது!

ஆனால் இதற்கான உழைப்பு முழுவதும் பம்பின் தலையில் விழுகிறது. எஞ்சின் அதிகமாகக் குடிக்கும் அதே கணத்தில் பம்ப் அதிக அழுத்தத்தை எதிர்த்தும் தள்ள வேண்டும், அழுத்தம் ஏற ஏற எந்த எலக்ட்ரிக் பம்பும் தருகிற லிட்டர் குறையும். அப்புறம் வயர் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், கரண்ட் ஏறினால் மெல்லிய பழைய வயரிலேயே வோல்டேஜ் விழும், வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். பம்பை 13.5 வோல்ட்டில் சோதித்து எண்ணைப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள், உங்கள் டேங்குக்குள் அதற்குப் போய்ச் சேர்வது 11.5 ஆக இருக்கலாம். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, தனி ரிலேயும் ஃப்யூஸும் போட்டால் இருக்கிற பம்பே கூடுதலாகத் தரும்.

அதனால் பெட்டி எண்ணை விடுங்கள், அழுத்தத்துக்கு எதிரே லிட்டரைக் காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடம் தராத பம்பை நான் வாங்கவே மாட்டேன். பொதுப் பணத்தில் நடக்கும் சோதனைக்கூடங்கள் இவற்றை ஒரே முறையில் அளந்து எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. அப்படி ஒரு அளவீடு இல்லாத இடத்தில்தான் பெரிய பம்ப் போட்டாலே பவர் ஏறும் என்ற மூடநம்பிக்கை வளர்கிறது. பம்ப் பவர் தராது, தட்டுப்பாட்டை மட்டும் நீக்கும். தேவைக்கு மீறிப் பெரிதாகப் போட்டால் ரெகுலேட்டராலும் மெல்லிய ரிட்டர்ன் லைனாலும் மிச்சத்தைத் திருப்பி அனுப்ப முடியாமல் ஐடிலில் அழுத்தம் ஏறும், சுற்றிச் சுற்றி வரும் பெட்ரோலும் சூடாகும்.

85 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளுக்கு மாறப்போகிறீர்கள் என்றால் முன்பு போட்ட கணக்கில் இன்னும் 35, 40 சதவீதம் கூட்டுங்கள். 176 என்பது 240 அளவுக்குப் போகும், பூஸ்ட் 1.5 பார் என்றால் அதையும் 4.5 பாரில் தர வேண்டும். இங்கே 340-க்கு நியாயம் இருக்கிறது, எத்தனாலைத் தாங்கும் பம்ப்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின் வேறு கதை. அங்கே கேம்ஷாஃப்ட் சுழற்றும் இன்னொரு பம்ப் 200 பாருக்கும் மேலே ஏற்றுகிறது, டேங்க் பம்ப் அதற்கு ஊட்டுவதோடு சரி.

வாசகரின் காரில் பூஸ்ட் 1 பார் அளவில்தான், எரிபொருளும் சாதாரண பெட்ரோல்தான் என்றால், 4 பாரில் 180 லிட்டருக்குக் குறையாத நல்ல 255 போதும். பொருத்திய பிறகு ரெயில் அழுத்தத்தையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, உயர் கியரில் முழு த்ராட்டிலில் ரெட்லைன் (எஞ்சினின் அதிகபட்சச் சுழற்சி வேகம்) வரை பாருங்கள், பொதுச் சாலையில் வேண்டாம், காரை நிறுத்தி வைத்தே பவரை அளக்கும் டைனோவில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 பாரை விட்டு இறங்க ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிட்டு, புது பம்ப் தேடும் முன் பம்ப் டெர்மினலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பாருங்கள்.