குதிரைக்குத் தீவன மூட்டை வாங்கும் முன் புல்லைப் பாருங்கள்

"எந்தக் கம்பெனி மூட்டை நல்லதுங்க?" புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்த கையோடு இந்தக் கேள்வி இன்னும் கூடும். ஒரு கம்பெனி பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் குதிரையின் தீனியில் பெரும்பங்கு புல்லும் சோளத்தட்டும்தான். அதில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று தெரியாமல் மூட்டையைத் தேர்ந்தெடுக்க முடியாது. மற்ற ஊர்களைவிடக் கொங்குப் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். காரணம் நம் புல்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரம் விட்டு வளர்த்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் முளைப்பது கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாட்டை உருவாக்கிய புல் என்று அதற்குப் பேர். தோட்டத்தில் தண்ணீர் உள்ளவர்கள் கோ-4, கோ-5 ரகக் கம்பு நேப்பியர் தீவனப்புல் போட்டிருப்பார்கள். இரண்டுமே மாட்டுக்கு அருமையான தீனி. குதிரைக்கு அப்படியில்லை. இரண்டிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது புல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், கால்சியம் விடுபட்டுவிடும். குதிரைக்கு அந்த நொதிப்பு நடப்பதெல்லாம் பெருங்குடல் பகுதியில். கால்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் இருக்கும் சிறுகுடலில். அதனால் புல்லில் கால்சியம் இருந்தும் பயனில்லாமல் வெளியே போய்விடும்.

இதோடு தவிடு சேரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 1.1 சதவீதம், கால்சியம் 0.13 சதவீதம் அளவுக்குத்தான். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் இன்னும் கூடுதல். குதிரையின் மொத்தத் தீனியில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். எக்காரணத்தாலும் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு குதிரை நாளைக்கு 5 கிலோ காய்ந்த சோளத்தட்டும் 3 கிலோ கோதுமைத் தவிடும் தின்கிறது. தட்டிலிருந்து ஏறத்தாழ 17 கிராம் கால்சியம், 6 கிராம் பாஸ்பரஸ். தவிட்டிலிருந்து 4 கிராம் கால்சியம், 33 கிராம் பாஸ்பரஸ். ஆக 21-க்கு 39. விகிதம் தலைகீழ். தட்டுக்குப் பதில் நேப்பியர் போட்டால், கைக்கு வரும் அந்தக் கொஞ்சம் கால்சியத்தையும் ஆக்சலேட் தட்டிப் பறித்துவிடும்.

ரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டும். தாடை எலும்பிலும் முகத்து எலும்பிலும் கால்சியம் போன இடத்தில் நார் வளர்கிறது. முதலில் தெரிவது முகமல்ல, நடை: இன்றைக்கு முன்னங்கால் நொண்டும், அடுத்த வாரம் பின்னங்கால். லாடம் அடித்தவர்மேல் பழி போகும். பிறகு தீனி மெல்லுவதில் தயக்கம் வரும், பல் ஆடும். கடைசியாகத்தான் கண்ணுக்குக் கீழே, மூக்கின் இருபுறமும் முகம் கட்டிபோல உப்பி நிற்கும். கை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கும். சீழ்க் கட்டி என்று நினைத்துச் சிலர் மருந்து பூசிக்கொண்டிருப்பார்கள். இந்த நிலையில் ரத்தப் பரிசோதனை செய்தாலும் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். எலும்பை உருக்கித்தானே அதைச் சரியாக வைத்திருக்கிறது. "ரிப்போர்ட் நார்மல்" என்று தள்ளிவிடாமல் தீனியின் கணக்கைப் போட வேண்டும். பால் கொடுக்கும் குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் ஆபத்து முன்னதாகவே வரும்.

ஆகவே மூட்டை வாங்கப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, குதிரையின் எடையைத் தெரிந்துகொள்வது. தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறத்தாழ 344 கிலோ. இரண்டு, தீனியைப் படியால் அளக்காமல் தராசில் நிறுத்துவது. ஒரு லிட்டர் டப்பாவில் தவிடு கால் கிலோகூடத் தேறாது. அதே டப்பாவில் குச்சித் தீவனம் 600 கிராமுக்கு மேல் பிடிக்கும், கொள்ளு அதைவிட அதிகம். டப்பாக் கணக்கில் தீனியை மாற்றினால் குதிரைக்கு இரண்டு மூன்று மடங்கு போய்விடும்.

எடை தெரிந்தபின், நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர்ந்த கணக்கில் மொத்தத் தீனி. அதில் குறைந்தது 1.5 சதவீதம் புல், தட்டு, கொடி வகை. 350 கிலோ குதிரைக்கு 5 கிலோவுக்குக் குறையாமல் உலர்தீவனம். பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர். 20 கிலோ பசும்புல் வெட்டிப் போட்டாலும் உலர் கணக்கில் 4 கிலோ தேறினால் அதிகம். இதை ஈடுகட்டாமல் மூட்டையை ஏற்றினால் வயிற்றுப் புண்ணும் சூலை என்னும் கடும் வயிற்று வலியும்தான் மிச்சம்.

இனி மூட்டை.

பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது புரதம். 20 சதவீதம் போட்டிருந்தால் உசத்தி என்று எடுத்துவிடுவார்கள். வளர்ந்த குதிரைக்கு 10 முதல் 12 சதவீதமே போதும். குட்டிக்கும், சினையின் கடைசி மூன்று மாதத்திலும் பால் கொடுக்கும்போதும் 14 முதல் 16. அதற்கு மேல் போகும் புரதம் மூத்திரத்தில் கழியும். காலையில் லாயத்துக்குள் நுழைந்தவுடன் கண் எரிகிற மாதிரி அமோனியா வாடை அடித்தால், ஈரப் படுக்கையோடு புரதத்தையும் சந்தேகப்படுங்கள்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய வரி கால்சியமும் பாஸ்பரஸும். கால்சியம் 1 சதவீதத்துக்கு மேல், பாஸ்பரஸ் 0.5 முதல் 0.7 வரை உள்ள மூட்டை நம் புல்லுக்குப் பொருந்தும். இந்த இரண்டு எண்ணும் அச்சிடாத மூட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். அடுத்து நார்: 8 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது பெரும்பாலும் தானிய மூட்டை. வேலை அதிகமில்லாத குதிரைக்கு 12 சதவீதமும் அதற்கு மேலும் நார் உள்ளது நல்லது. பொருள் பட்டியலில் மக்காச்சோளம் முதலில் நின்றால் யோசியுங்கள். வேகவைக்காத மக்காச்சோள மாவுச்சத்து குதிரையின் சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். சூலைக்கும் குளம்பு அழற்சிக்கும் அது நேர்வழி. ஓட்ஸ் அந்த வகையில் பத்திரம். நீராவியில் வேகவைத்த தானியம் என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை.

கொஞ்சம் பேர்தான் படிக்கும் வரி ஒன்று இருக்கிறது: நாளொன்றுக்குத் தர வேண்டிய அளவு. மூட்டைக்குள் இருக்கும் வைட்டமினும் தாதுவும் அந்த அளவைக் கொடுத்தால் மட்டுமே கணக்குக்கு வரும். 2.5 கிலோ கொடுக்கச் சொன்ன தீவனத்தைச் சிக்கனமாக முக்கால் கிலோ கொடுத்தால் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூடச் சேராது. கல்யாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் போய்வரும் குதிரைக்கு 2.5 கிலோ கொடுத்தால் கொழுத்துவிடும். அதற்கு ஏற்றது குறைந்த அளவில் கொடுக்கும் செறிவான கலவை. நாளைக்கு நூற்றுச் சொச்சம் கிராமிலிருந்து அரைக் கிலோ வரை, கம்பெனியைப் பொறுத்து. கிலோ விலை கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பார்த்தால் பல நேரம் இதுதான் மலிவு.

ஓடும் குதிரைக்கு, ரேக்ளாவோ நெடுந்தூரச் சவாரியோ, தானியத்தை ஏற்றுவதைவிடக் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம் உள்ள தீவனம் நல்லது. ஓய்வு நாளில் அடர்தீவனத்தை (தானியம், தவிடு, மூட்டைத் தீவனம்) பாதியாகக் குறைக்காமல் முழுதும் கொடுத்து, மறுநாள் ஓட்டினால் பின்தொடை இறுகி, வியர்த்து, காப்பி நிறத்தில் மூத்திரம் போகும். நம் வெயிலில் நாளைக்கு 30 கிராம் உப்பு எல்லாக் குதிரைக்கும் வேண்டும்; வியர்க்க உழைத்த நாளில் இன்னொரு மடங்கு. மூட்டையில் உப்பு சேர்த்திருக்கிறது என்பதை நம்பி இதை விட்டுவிடக் கூடாது.

கொள்ளைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. கொள்ளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புரதம் 22 சதவீதம். கால்சியமும் பாஸ்பரஸும் கிட்டத்தட்டச் சமம். ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்க வேண்டும், கோடையில் காலையில் வெந்ததை மாலைக்கு வைக்கக் கூடாது. சிக்கல், அதோடு சேர்ந்து வரும் தவிட்டில்தான். நல்ல மூட்டையை வாங்கிவிட்டு, பழக்கத்தை விடமுடியாமல் அதன்மேல் இரண்டு கிலோ தவிட்டைக் கொட்டினால் என்ன ஆகும்? 2 கிலோ தீவனத்தில் 20 கிராம் கால்சியம், 12 கிராம் பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். தவிடு சேர்ந்ததும் 23-க்கு 34. காசு கொடுத்து வாங்கிய சமநிலை அதே வாளியில் போய்விட்டது. தவிட்டை ஒரு கிலோவுக்குள் நிறுத்தி, ஒன்றரைக் கிலோ காய்ந்த குதிரைமசால் சேர்த்தால், முன்பு சொன்ன 5 கிலோ சோளத்தட்டோடு மட்டும் சேர்த்துக் கணக்கு 38-க்கு 21 என்று நிமிரும். குதிரைமசாலுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. அது கிடைக்காத நாளில் தீவனத்தரச் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்கலாம். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காக நாமக்கல் வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. குருணையாக வேண்டாம், மாவாக வாங்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது. டைகால்சியம் பாஸ்பேட்டும் மாட்டுக்கான தாது உப்புக் கலவையும் இதற்கு உதவாது. கால்சியத்தோடு பாஸ்பரஸையும் அவை கொண்டுவரும்.

உயிரை வாங்கும் தவறு ஒன்று நம் வட்டாரத்தில் எளிதாக நடக்கக்கூடியது. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழித் தீவன ஆலைகள் நிறைய. "பார்முலா கொடுத்தால் அரைத்துக் கலந்து தருவாங்க, கிலோவுக்கு இவ்வளவு மிச்சம்" என்று குதிரைத் தீவனத்தையும் அங்கேயே போடச் சொல்பவர்கள் உண்டு. கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் வராமல் இருக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். கோழிக்கு மருந்தான இது குதிரைக்கு இதயத் தசையை அழிக்கும் விஷம். சாலினோமைசின் உடல் எடையில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. டன்னுக்கு 60 கிராம் கலந்த கோழித் தீவனத்தில் மூன்றரைக் கிலோ தின்றால் 350 கிலோ குதிரைக்கு அந்த அளவு எட்டிவிடும். மாற்று மருந்து கிடையாது. தீனியை வெறுத்து, வியர்த்து, பின்கால் தள்ளாடும். பிழைத்த குதிரையும் மாதங்கள் கழித்து ஓடும்போது விழுந்து சாகலாம். கலவை எந்திரத்தில் முந்தைய சுற்றில் மிஞ்சியது கலந்தாலே ஆபத்துதான். ஆகவே கோழித் தீவனம் அரைக்கும் எந்திரத்தில் குதிரைத் தீவனம் வேண்டாம், அவர்கள் கழுவி விடுகிறோம் என்று சொன்னாலும். குதிரை லாயமும் கோழித் தீவனக் கிடங்கும் ஒரே கொட்டகையில் இருந்தால் நடுவில் பூட்டுப் போட்ட கதவு இருக்கட்டும். மாட்டுத் தீவனத்தையும் குதிரைக்குப் போட வேண்டாம்: சிலவற்றில் யூரியா உண்டு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு உண்டு, சிலவற்றில் மோனென்சினும் உண்டு.

மூட்டையைப் பிரித்தவுடன் முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள். நடுவில் சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் உதறினால் தூள் எவ்வளவு என்று தெரியும். பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த மூட்டையே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையில் அடுக்கிய மூட்டையின் அடிப்பக்கம் முதலில் கெடும், அதனால் பலகைமேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். தயாரித்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

புதுத் தீவனத்துக்கு மாற 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால். சந்தையில் வாங்கிய குதிரை என்றால் விற்றவர் என்ன போட்டார் என்று கேட்டு, பத்து நாளுக்கு அதையும் கையோடு வாங்கி வாருங்கள். ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அடர்தீவனம் வேண்டாம். தேவை அதிகமென்றால் வேளையைக் கூட்டுங்கள். தட்டைப் போட்டு அரை மணி கழித்து மூட்டைத் தீவனம் வைத்தால் அவசரமாக விழுங்காது. பல் தேய்ந்த கிழக் குதிரைக்குக் குச்சித் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்து, மென்ற தீனி மூக்கு வழியே வழியும்.

ஒவ்வொரு மூட்டையிலும் தைத்திருக்கும் சீட்டை மூட்டை தீர்ந்தபின்னும் எறியாதீர்கள். கூடவே மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தும் எடுத்த அரைக் கிலோ தீவனத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். குதிரைக்கு ஏதாவது ஆனால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்ப அந்த டப்பா வேண்டும். மூட்டையின் அடியில் கூட்டி அள்ளிய தூளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.