கரி அணைஞ்ச இடத்துல சுத்துற சக்கரம்

அயர்லாந்தோட மேற்குக் கரையில, ஷானன் ஆறு கடலோட சேர்ற இடத்துல மனிபாயிண்ட்னு ஒரு அனல்மின் நிலையம் இருக்கு. 1980கள்ல கட்டுனது, 305 மெகாவாட்ல மூணு யூனிட், மொத்தம் 915. எழுபதுகள்ல எண்ணெய் விலை எகிறி நாடே ஆடிப்போனதால, இனிமே எண்ணெயை மட்டும் நம்பக்கூடாதுன்னு கப்பல் கப்பலா கரி இறக்கி ஓட்டுனாங்க. 2025 ஜூன்ல கரி எரிக்கறதை நிறுத்திட்டாங்க. எனக்கு அதைவிட பெரிய விஷயமா படறது அதுக்கு மூணு வருஷம் முன்னாடி நடந்தது. 2022ல, பாய்லர்ல இன்னும் கரி எரிஞ்சிட்டிருக்கும்போதே, அதே காம்பவுண்டுக்குள்ள நூறு டன்னுக்கு மேல எடையுள்ள ஒரு இரும்புச் சக்கரத்தைக் கொண்டுவந்து சுத்த விட்டாங்க. அது கரண்ட் தயாரிக்காது, சொல்லப்போனா சுத்தறதுக்கு கிரிட்ல இருந்து, அதாவது நாடு பூரா கரண்டைக் கொண்டுபோற லைன் வலைல இருந்து, கொஞ்சம் கரண்ட் வாங்கிக்கும்.

அப்புறம் எதுக்கு அது? கிணத்துமேட்டுல பழைய ஆயில் இன்ஜின் ஓடிப் பாத்தவங்களுக்கு டக்குனு புரியும். ஹேண்டில் போட்டு சுத்துனா முதல்ல முக்கி முனகி, அப்புறம் டுப் டுப்னு புடிச்சுக்கும். அந்த சிங்கிள் சிலிண்டர் இன்ஜின்ல சாஃப்ட் ரெண்டு சுத்து சுத்துனா ஒரு தடவைதான் டீசல் வெடிச்சு தள்ளும், மிச்ச நேரமெல்லாம் இழுத்துட்டுப் போறது பக்கத்துல இருக்கற அந்த கனமான சக்கரம்தான். அது இல்லன்னா ஒவ்வொரு டுப்புக்கும் நடுவுல பம்பு திக்கித்திக்கி நின்னுரும்.

கிரிட்டும் இதே கதைதான். அனல்மின் நிலையத்துல டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தண்டுல, நிமிஷத்துக்கு 3000 சுத்து. செகண்டுக்கு 50, அதுதான் நம்ம ப்ளக்ல வர்ற 50 ஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சி. நாட்டுல இருக்கற எல்லா பெரிய ஜெனரேட்டரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலில கட்டுன மாதிரி ஒண்ணா சுத்தும், ஒண்ணு மட்டும் தனியா மெதுவாக முடியாது. எங்கயோ ஒரு ஸ்டேஷன் திடீர்னு ட்ரிப் ஆச்சுன்னா, வேற பிளாண்ட்ல யாரும் வால்வைத் திறக்கறதுக்கு முன்னாடியே, இந்த சுத்துற எடைகள் தன்கிட்ட இருக்கற வேகத்துல கொஞ்சத்தை கரண்டா கொடுத்துரும். யாரும் சொல்ல வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், அது இயற்பியல். ஃப்ரீக்வென்சி இறங்கும், ஆனா மெதுவா இறங்கும், அந்த ரெண்டு மூணு செகண்டுக்குள்ள மத்த பிளாண்டும் பேட்டரியும் சுதாரிச்சுக்கும்.

இப்ப காத்தாலைக்கு வாங்க. இறக்கை சுத்துது, எடையும் இருக்கு, ஆனா நவீன காத்தாலைல அந்த கரண்ட் எலக்ட்ரானிக்ஸ் வழியா மாறித்தான் கிரிட்டுக்குப் போகும், அதனால இறக்கையோட வேகத்துக்கும் கிரிட்டோட 50 ஹெர்ட்ஸுக்கும் நேரடிப் பிடிப்பு கிடையாது. சோலார்ல சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. நம்ம நாட்டு கிரிட் 2013 கடைசில இருந்து காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே ஃப்ரீக்வென்சில ஓடுது, சுத்துற எடை ஏராளம். அயர்லாந்து ஒரு தனித் தீவு. பிரிட்டனோட கடலடி கேபிள் இருக்கு, ஆனா அதுல ஓடறது ஒரே திசையில போற டிசி, கரண்டைக் கடத்துமே தவிர அந்தப் பக்கம் சுத்துற எடையோட பலம் இந்தப் பக்கம் வராது. அதனால எவ்வளவு காத்து அடிச்சாலும் சில பெரிய யூனிட்டுகளை ஓட்டிட்டே இருக்கணும்னு கட்டாயம், அதுக்கு இடம் விட காத்தாலைகளைக் குறைக்கச் சொல்லுவாங்க. சும்மா வர்ற காத்தை வேண்டாம்னு சொல்லிட்டு காசு குடுத்து வாங்குன எரிபொருளை எரிக்கறது, அதுவும் முக்கியமா அந்த சுத்துக்காக. நினைச்சா வயிறு எரியும்.

அந்த சுத்தை மட்டும் தனியா பிரிச்சு எடுத்ததுதான் மனிபாயிண்ட்ல இருக்கற மெஷின். சிங்க்ரனஸ் கண்டென்சர்னு பேரு. டர்பைன் இல்லாத ஜெனரேட்டர்னு வெச்சுக்கோங்க. தண்டுல ஃப்ளைவீல் மாட்டியிருக்கு, காத்து உரசி வேகம் வீணாகாம இருக்க கூட்டுக்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்துருவாங்க.

இதுல தேங்கி இருக்கற ஆற்றல் 4000 மெகாவாட்-செகண்ட். கேக்க பிரம்மாண்டமா இருக்கு, கரண்ட் பில்லுல வர்ற யூனிட்டா மாத்திப் பாருங்க, 1100 சொச்சம் யூனிட்தான். அதுலயும் முழுசா எடுக்க முடியாது. ஃப்ரீக்வென்சி 50ல இருந்து 49.5க்கு இறங்குனா சக்கரத்தோட வேகம் நூத்துல ஒரு பங்கு குறையும், ஆற்றல் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்ததுங்கறதால வெளிய வர்றது நூத்துக்கு ரெண்டு, அதாவது 80 மெகாவாட்-செகண்ட். வெறும் 22 யூனிட்! ஏசி போடற வீட்டுல ரெண்டு மூணு நாள்ல செலவாகற கரண்ட். ஆனா செகண்டுக்கு ஒரு ஹெர்ட்ஸ் வேகத்துல ஃப்ரீக்வென்சி சரிஞ்சா அந்த 22 யூனிட்டும் அரை செகண்ட்ல வந்து விழும், அந்த அரை செகண்டுக்கு அந்தச் சக்கரம் 160 மெகாவாட் பவர் ஸ்டேஷன், மனிபாயிண்ட்டோட ஒரு கரி யூனிட்ல பாதிக்கு மேல. இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தப்பதான் எனக்கே இதோட அருமை உறைச்சது.

வோல்டேஜையும் இது பாத்துக்கும். ரோட்டர்ல, அதாவது மெஷினோட சுத்துற பாகத்துல, ஓடற டிசி கரண்டைக் கூட்டுனா கிரிட்டோட வோல்டேஜைத் தூக்கும், குறைச்சா இறக்கும். 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருட்டுல மூழ்குனது வோல்டேஜ் கட்டுக்கடங்காம ஏறுனதாலதான், அதனால இதைச் சின்ன வேலைன்னு நினைக்காதீங்க.

சரி, ஏன் கரி நிலையத்துலயே வைக்கணும்? மனிபாயிண்ட்ல இருந்து நாட்டுக்குக் குறுக்கால டப்ளின் பக்கம் வரைக்கும் 400 கேவி லைன் போகுது. புதுசா அப்படி ஒரு லைன் இழுக்கணும்னா நிலம், பெர்மிஷன், கோர்ட்டு கேஸுன்னு வருஷக்கணக்குல இழுக்கும். இங்க கரண்டை லைனோட இணைக்கற ஸ்விட்ச்யார்டு தயாரா நிக்குது, அதுல வேலை தெரிஞ்ச ஆளுங்களும் இருக்காங்க. காத்து அடிக்கறதும் மேற்குல, கரண்ட் அதிகமா வேணும்கறது கிழக்குல, அந்த லைன் சரியா ரெண்டையும் சேக்குது. கரி இறக்க ஆழமான துறை கட்டி வெச்சிருக்காங்க, கடல்ல மிதக்கற காத்தாலைகளை அங்க வெச்சு அசெம்பிள் பண்ணி இழுத்துட்டுப் போலாம்னு ஒரு திட்டம் இருக்கு. 1400 மெகாவாட்னு 2021ல அறிவிச்சது.

அந்தக் கடல் காத்தாலை இன்னும் வரல. பாய்லரையும் முழுசா விட்டுடல, அவசரத்துக்கு எண்ணெயில ஓட்டறதுக்கு 2029 வரைக்கும் வெச்சிருக்காங்க. காத்தே இல்லாத குளிர்கால வாரத்துல சக்கரம் சோறு போடாது, அது தாங்கறது செகண்டுகளை மட்டும்தான், மணிக்கணக்குக்கு வேற ஏற்பாடு வேணும். ஆனா முன்ன அந்த செகண்டுகளுக்காகவும் சேத்துதான் அங்க கரி எரிஞ்சது, இப்ப அதுக்கு அந்தச் சக்கரம் சுத்துனா போதும்.