பட்டதாரிச் சான்றிதழா, பட்டப்பின் சான்றிதழா?

போன வாரம் ஒரு விளம்பரத் தாளைப் பிழைதிருத்தக் கொடுத்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகப் படிப்பு ஒன்றுக்கானது. தலைப்பு இப்படி இருந்தது: 'வேலை செய்யும் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய பாதுகாப்பில் பட்டதாரி சான்றிதழ்'. யாருடைய பட்டச் சான்றிதழையோ அரசாங்கம் பெட்டகத்தில் வைத்துக் காவல் காக்கிறது போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆங்கில 'கிராஜுவேட் சர்டிஃபிகேட்'டை அப்படியே பெயர்த்த இந்தப் 'பட்டதாரி சான்றிதழ்' கண்ணில் படுவது இது எத்தனையாவது முறையோ!

'கிராஜுவேட்' என்பதன் வேர் லத்தீன் 'கிராதுஸ்', அதாவது படி. நம் 'பட்டதாரி'யோ பட்டத்தைத் தரித்தவர். 'சான்றிதழ்' பற்றிச் சண்டை இல்லை.

சண்டை முதல் சொல்லோடுதான். பட்டதாரி என்பது ஆளைச் சுட்டும் சொல். 'பட்டதாரி ஆசிரியர்' என்றால் பட்டம் பெற்ற ஆசிரியர். 'பட்டதாரிச் சான்றிதழ்' என்றால், இவர் பட்டம் பெற்றவர் என்று காட்டும் காகிதம். அதைத்தான் பட்டமளிப்பு விழாவிலேயே வாங்கியாயிற்றே, இன்னொன்று எதற்கு? 'கிராஜுவேட் சர்டிஃபிகேட்'டில் முதல் சொல் படிப்பின் நிலையைக் குறிக்கிறது. இளநிலைப் பட்டம் முடித்தவர் அதற்கு மேல் படிக்கும் சிறு படிப்பு அது. அமெரிக்காவில் பெரும்பாலும் 12 முதல் 18 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி), அதாவது நான்கு முதல் ஆறு பாடங்கள். பின்னால் முதுநிலைப் பட்டத்துக்குப் போனால் பல இடங்களில் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

சரி, 'முதுகலைச் சான்றிதழ்' என்று போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கலை எங்கே வந்தது இதில்? எம்.ஏ.வுக்கு முதுகலை பொருந்தும், எம்.எஸ்ஸி.க்குக்கூடப் பொருந்தாது. 'முதுநிலைச் சான்றிதழ்' அதைவிடத் தேவலை. அமெரிக்காவுக்குச் சரியாகவே வரும். ஆனால் இங்கிலாந்துக்கு வந்தால் உதைக்கும். அங்கே கல்வித் தகுதிகளின் வரிசையில் கிராஜுவேட் சர்டிஃபிகேட் 6-ஆம் நிலை, இளநிலைப் பட்டத்தின் அதே தரம். போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட்தான் 7-ஆம் நிலை. இரண்டையும் முதுநிலை என்றால் படிக்கிறவர் ஏமாந்துபோவார். இலங்கைத் தமிழர்கள் 'பட்டப்பின் கல்வி டிப்ளோமா' என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். பட்டத்துக்குப் பின் படிப்பது, அவ்வளவுதான். தரத்தைப் பற்றி அது எதுவும் உளறுவதில்லை. என் ஓட்டு 'பட்டப்பின் சான்றிதழ்'க்குத்தான். இங்கிலாந்தின் 7-ஆம் நிலைக்கு 'முதுநிலை'யை ஒதுக்கிவைத்துவிடலாம்.

அப்புறம் 'பாதுகாப்பு'. டிஃபென்ஸ், செக்யூரிட்டி, சேஃப்டி மூன்றுக்கும் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். பாதுகாப்பு அமைச்சகம், பாதுகாப்பு கவுன்சில், சாலைப் பாதுகாப்பு. அதனால் 'தேசியப் பாதுகாப்பு' என்றதும் ராணுவப் பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1947-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம்தான் தேசியப் பாதுகாப்பு கவுன்சிலையும் சிஐஏவையும் உருவாக்கியது. ராணுவம், வெளியுறவு, உளவு எல்லாம் சேர்ந்த சங்கதி அது. இந்தப் படிப்பிலும் உளவுத் தகவலை அலசுவது, பயங்கரவாதத் தடுப்பு, இணையப் பாதுகாப்பு போன்றவைதான் பாடம். துப்பாக்கி தூக்கச் சொல்வதில்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'நாட்டு ஏமம்' என்று சொல்லிப் பார்த்தார். வள்ளுவர் நாட்டுக்கு அணி என்று எண்ணும் ஐந்தில் (குறள் 738) கடைசியாக நிற்பது ஏமம். காவல் என்று பொருள். இன்பம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. செக்யூரிட்டியின் லத்தீன் வேரும் 'கவலையில்லாமை'தான் என்பதால் பொருத்தம் அழகு. ஆனால் இன்று ஏமம் என்றால் 'ஏமஞ்சாமத்தில் எங்கே போகிறாய்' என்பதுதான் காதில் விழும். நடுராத்திரிப் படிப்பு என்று நினைத்துவிடுவார்கள். பாதுகாப்பே இருக்கட்டும், அந்த 'இல்' உருபை மட்டும் வெட்டினால் போதும்.

'வேலை செய்யும் தொழில் வல்லுநர்' என்றால், வேலை செய்யாத வல்லுநர் யார்? பணியில் இருப்போர் என்று நேராகச் சொல்லக் கூடாதா? மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக் கொடுத்தால்தான் கூலி என்று நினைக்கிறார்கள்போல.

'தேசியப் பாதுகாப்புக் கல்வி: பணியில் இருப்போருக்கான பட்டப்பின் சான்றிதழ்' என்று திருத்திக் கொடுத்தேன். அச்சாகி வந்த தாளில் வேலை செய்யும் வல்லுநர்களைக் காணோம். பட்டதாரி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.