மரத்துக்குள் ஒரு பயிர்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் பிளேன் என்னும் நிழல் மரங்களில், தென்கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட, எள்ளைவிடச் சிறிய கருவண்டு ஒன்று இருப்பது 2017இல் கண்டறியப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் தண்டைத் துளைக்கும் வண்டின் நெருங்கிய உறவான இது, பின்னர் ஜோகானஸ்பர்க், ஜார்ஜ், நைஸ்னா ஆகிய ஊர்களின் சாலை மரங்களிலும் காணப்பட்டது.

இவ்வண்டு மரத்தைத் தின்பதில்லை என்பதே இதில் வியப்பு. வாயருகே உள்ள சிறு பைகளில் ஃபுசேரியம் என்னும் பூஞ்சையின் வித்துகளைச் சுமந்துவரும் பெண்வண்டு, தண்டைக் குடைந்து சுரங்கம் அமைத்து அதன் சுவர்களில் பூஞ்சையைப் பயிரிடுகிறது. வண்டின் புழுக்கள் உண்பது அந்த விளைச்சலைத்தான். பூஞ்சையோ வண்டுக்கு உணவாவதோடு நில்லாமல், வேர் உறிஞ்சும் நீரை மேலேற்றும் குழாய்களை அடைத்துவிட, கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன. ஐரோப்பாவின் எல்ம் மரங்களை அழித்த நோயிலும் வண்டும் பூஞ்சையும் சேர்ந்தே வந்தன. ஆனால் அங்கே பூஞ்சை வண்டின் மேல் தொற்றிவந்த வழிப்போக்கன், இங்கோ அது வளர்ப்புப் பயிர்.

இனப்பெருக்கமும் விந்தையானது. பெண்வண்டுகள் பிறந்த சுரங்கத்திலேயே உடன்பிறந்த ஆண்களோடு இணைந்துவிட்டு வெளியேறுவதால், ஒரே ஒரு வண்டு புதிய மரத்தை அடைந்தாலும் அங்கே ஒரு குடும்பம் உருவாகிவிடும். துளைக்கப்படும் மரங்கள் அனைத்திலும் அது பெருகுவதில்லை. பிளேன், ஓக், ஆமணக்கு, வெண்ணெய்ப்பழ மரம், நம் கல்யாண முருங்கையின் உறவான ஆப்பிரிக்கக் கடற்கரை முருக்கு ஆகியவற்றில் அது பெருகும் என்பதால், இவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பட்டையில் குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றைச் சுற்றி ஈரக்கறையோ பிசினோ மரத்தூளோ தென்பட்டால் ஐயுறலாம்.

பறந்து செல்லும் தொலைவைவிட, விறகோடு வண்டியேறியே இவ்வண்டு நெடுந்தொலைவு கடக்கிறது. வெட்டிய கட்டையில் ஈரம் இருக்கும்வரை அதனால் உயிர்வாழ முடியும். ஆகவே இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்கானாலும் தீமிதிக் குழிக்கானாலும், விறகை அந்தந்த வட்டாரத்திலேயே வாங்குவது நல்லது. மலிவு என்று தொலைவிலிருந்து ஏற்றிவருவது, என் பார்வையில், பெரும் இழப்பில் முடியும் சிக்கனம். கடுமையாகத் தாக்கப்பட்ட மரத்தை, அது எத்தனை அழகானதாயினும், வெட்டத்தான் வேண்டும். வெட்டிய மரத்தை அங்கேயே பொடிச்சில்லுகளாக்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடிப் பல வாரங்கள் வெயிலில் வேகவிட்டால் உள்ளிருக்கும் வண்டுகள் மடியும். வெட்டிய ரம்பத்தையும் தூய்மை செய்தபின்பே அடுத்த மரத்தில் வைக்கவேண்டும்.