அசெஸ்மெண்ட் = மதிப்பீடு: பரீட்சை இல்லை

எல்.கே.ஜி. டைரியில் ‘அடுத்த வாரம் அசெஸ்மெண்ட்’ என்று ஒரு வரி வந்தால் போதும். அன்று ராத்திரியே குழந்தையை உட்கார வைத்து ஏ, பி, சி, டி எழுத வைத்துவிடுகிறோம். பரீட்சை என்றே அந்தச் சொல்லைப் புரிந்துகொள்வதால் வரும் வினை இது.

அசெஸ்மெண்ட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘அருகில் உட்கார்தல்’ என்று பொருள். முதலில் நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து உதவியவரைக் குறித்தது, அப்புறம் வரியை நிர்ணயிக்கும் வேலைக்குப் போனது. ஆங்கிலத்துக்கு வந்ததும் வரிச் சொல்லாகத்தான். சொத்து வரிக்கு அசெஸ்மெண்ட் நம்பர் இருப்பதும், வருமான வரியில் ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று சொல்லிவந்ததும் அந்த வழியில் வந்தவையே. பள்ளிக்கூடத்துக்குள் அது நுழைந்தது வெகு பின்னால்.

தமிழில் இதற்கு மதிப்பீடு என்பதே நிலைத்த சொல். மதிப்பிடு என்ற வினையில் ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆகிறது. கெடு கேடு ஆவதுபோல, முதனிலை திரிந்த தொழிற்பெயர். இலங்கையில் அசெஸ்மெண்டைக் கணிப்பீடு என்பார்கள். மதிப்பீடு அங்கே, தரத்தை முடிவுசெய்யும் இவேல்யூவேஷனுக்கு உரியது. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, மூன்று நான்கு வயதுக் குழந்தையை எப்படி மதிப்பிடுவது? உற்றுநோக்கித்தான். குழந்தை பத்துப் புளியங்கொட்டைகளை எண்ணுகிறது. ஆறு வரை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, அப்புறம் விரல் ஒரு கொட்டையில் நிற்க, வாய் மட்டும் ஏழு, எட்டு என்று ஓடுகிறது. எண்களின் வரிசை தெரிகிறது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். மறுநாள் என்ன விளையாட்டு வைக்கலாம் என்று அந்தக் குறிப்பு அவருக்குச் சொல்லிவிடும். ‘கணக்கு: பி கிரேடு’ என்பதிலிருந்து அவருக்கும் நமக்கும் என்ன தெரியும்?

2022-இல் வந்த, 3 முதல் 8 வயது வரைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் இதையே சொல்கிறது: உற்றுநோக்குவதும், குழந்தை வரைந்ததையும் செய்ததையும் ஆராய்வதுமே வழி, 3 முதல் 6 வயதுக்குத் தேர்வு வைப்பது பொருந்தவே பொருந்தாது.

வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்ற சொற்களைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் முப்பருவ முறை வந்த 2012-13 முதல் கேட்டிருப்பார்கள். கற்கும்போதே கவனித்து உதவுவது முதலாவது. பருவ முடிவில் தொகுத்துப் பார்ப்பது இரண்டாவது. இந்த வயதுக்கு முதலாவதே முக்கியம். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது ‘எத்தனை மார்க்?’ என்பதை விட்டுவிட்டு, ‘யாரோடு விளையாடுகிறாள்? எதில் ரொம்ப நேரம் லயித்திருக்கிறாள்? எங்கே தடுமாறுகிறாள்?’ என்று கேளுங்கள்.

ஸ்கிரீனிங் என்பது வேறு. பேச்சு, கேட்டல், நடை ஆகியவற்றில் தாமதம் இருக்கிறதா என்று பார்க்கும் முதற்கட்டப் பரிசோதனை அது. இதற்கென, பிறந்தது முதல் 18 வயது வரைக்குமான அரசுத் திட்டம் ஒன்று 2013-இலிருந்து இருக்கிறது. அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து பார்க்கும். ஆசிரியரின் குறிப்பில் இப்படித் தாமதம் ஏதாவது தென்பட்டால், அதை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போட வேண்டாம்.