வலி போய்விட்டது, எலும்பு சேர்ந்துவிட்டதா?

"சார், பத்து நாளா வலியே இல்ல. சனிக்கிழமை மேட்ச் ஆடட்டுமா?"

கேட்ட பையனுக்கு 16 வயது. வலது கை வேகப்பந்து வீச்சாளர். இடுப்பு முள்ளெலும்புகளில் ஐந்தாவதில், இடது பக்கம், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் எலும்பு விரிசல்) என்று எம்.ஆர்.ஐ. காட்டி அன்றோடு ஐந்து வாரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்திலும் அதே கேள்விதான். முடியாது என்றேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் அவர்களிடம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இது விழுந்து அடிபட்டு வரும் முறிவு அல்ல. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகுமோ, அது. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கத்திலும் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுக்கமான ஒரு பகுதி உண்டு. பார்ஸ் என்போம். முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கூடவே திருகும்போது சுமை முழுக்க அங்கேதான் இறங்குகிறது. பந்து வீசுபவர் முன்காலை ஊன்றும் நொடியில் உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து வருகிறது. வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது பக்கம் விரிசல் விழுவதும் இந்தச் சாய்வால்தான். ஜிம்னாஸ்டிக்ஸ், பளுதூக்குதல், பட்டர்ஃபிளை நீச்சல் என்று முதுகை வளைக்கும் எல்லா விளையாட்டிலும் இதைப் பார்க்கலாம்.

பிசியோதெரபி தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒருமுறை கோட்டைவிட்டிருக்கிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, டிஸ்க் கோளாறாக இருக்கும் என்று நினைத்து, குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். புஜங்காசனம் மாதிரி. விரிசல் விட்ட இடத்தையே தினமும் இரண்டு வேளை அழுத்தச் சொல்லியிருக்கிறேன் என்பது எம்.ஆர்.ஐ. வந்தபிறகுதான் தெரிந்தது. ஆரம்பக்கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோர்ப்பு முன்பே தெரிந்துவிடும். சி.டி. ஸ்கேன் விரிசல் கோட்டைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் கதிர்வீச்சு இருப்பதால் வளரும் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டால்தான். விளையாடும் பிள்ளைக்கு, பின்னால் வளைந்தால் கூடுகிற இடுப்புவலி இரண்டு மூன்று வாரம் தாண்டினால் 'பிடிப்பு' என்று விடாதீர்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் முதுகில் ஏறி மிதிக்கவும் விடாதீர்கள்.

சரி, சிகிச்சை. எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒரு பக்கம் மட்டும், புது விரிசல் என்றால் சுமார் மூன்று மாதத்தில் எலும்பு சேர நல்ல வாய்ப்பு உண்டு. கோடு அகன்றுவிட்டால் ஆறு மாதம்கூட ஆகலாம், வாய்ப்பும் குறைவு. ஓரங்கள் மழுங்கிப் பழசாகிவிட்டால் அது இனிச் சேராது. வலியில்லாமல் விளையாட வைப்பதே அப்போது இலக்கு. கேட்கப் பயமாக இருந்தாலும், பெரியவர்களில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு இந்த விரிசல் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

ஓய்வு என்றதும் சில அம்மாக்கள் பிள்ளையைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். பந்துவீச்சு, ஓட்டம், குதிப்பு, பின்வளைவு இவை மட்டும் நிறுத்தம். நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். வலி அடங்கியதும் அடிவயிற்றின் ஆழ்தசைகள், முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ், இடுப்பு, இறுகிப்போன தொடைப் பின்தசை என்று ஒவ்வொன்றாக வேலை கொடுப்போம். வைட்டமின் டி அளவைப் பார்ப்பதும் வழக்கம்.

பெல்ட் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. உடம்பளவெடுத்துச் செய்யும் கெட்டியான பிரேஸ் வேறு, மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் எலாஸ்டிக் பெல்ட் வேறு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பிரேஸ் போட்டவர்களும் போடாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான், அதாவது 100ல் 80க்கு மேல், குணமாகியிருக்கிறார்கள். நடந்தாலே வலிக்கிறது என்றாலோ, சொன்ன பேச்சு கேட்காத பையன் என்றாலோதான் நான் டாக்டரிடம் பிரேஸ் பற்றிப் பேசுவேன். அதை மாட்டிக்கொண்டு மேட்ச் ஆடுவது என்ற பேச்சே கிடையாது.

"பும்ராவே ஆபரேஷன் பண்ணிட்டு வந்தாரே சார்?" என்றார் அப்பா. வந்தார். ஆனால் 2019ல் அவருக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்தபோது அறுவை இல்லாமல்தான் திரும்பினார். 2022ல் மறுபடி முதுகு படுத்தி, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில்தான் ஆட்டம். அப்போது அவருக்கு 29 வயது. பதின்வயதில் அறுவை மிக அரிது. ஆறு மாதம் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தும் வலி போகாவிட்டால், எலும்பு முன்னால் நழுவிக்கொண்டே போனால், நரம்பு அழுந்தினால் அப்போது யோசிக்கலாம். நழுவல் இல்லாமல் டிஸ்க்கும் நன்றாக இருந்தால் விரிசலுக்குக் குறுக்கே ஸ்க்ரூ போட்டு அந்த எலும்பை மட்டும் சேர்க்கலாம், அசைவு மிஞ்சும். நழுவல் பெரிதென்றால் இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக்கும் ஃபியூஷன். அதற்குப் பிறகு வேகப்பந்து பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலோடு இரவு வலி இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸைச் சொன்னேன். 2011 நவம்பரில் 18 வயதில் முதல் டெஸ்ட், ஆட்ட நாயகன். முதுகு முறிவு உட்படக் காயம்மேல் காயம். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில்.

திரும்பும்போது முதலில் ஓட்டம், அப்புறம் பாதி வேகம், வாரா வாரம் சில ஓவர்கள் கூட்டல். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நீண்ட காலம் பின்பற்றிய கணக்கு எனக்குக் கைகொடுக்கிறது: 14, 15 வயதில் ஒரு ஸ்பெல்லுக்கு (தொடர்ந்து வீசும் ஒரு சுற்றுக்கு) 6 ஓவர், நாளுக்கு 12 ஓவர்; 16, 17 வயதில் ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. நெட்ஸில் போடும் பந்தும் முதுகுக்குப் பந்துதான்.

வலி வருவதற்கு முந்தைய வாரம் எத்தனை பந்து போட்டான் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பள்ளி டீம், அகாடமி, ஞாயிற்றுக்கிழமை லீக். கூட்டிப் பார்த்தால் 400ஐத் தாண்டியது. மூன்று கோச்சுகள், ஒருவர் கணக்கு மற்ற இருவருக்குத் தெரியாது. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப பேட்டிங் மட்டுமாவது?" என்றான் பையன்.


அதுவும் இன்னும் ஏழு வாரம் கழித்து.