ஆற்றுக்கும் மருந்து வேண்டும்

மே மாதம் பிறந்துவிட்டால் கோடை முகாம்களின் உடல்நலப் படிவங்கள் என் மேசையில் குவியத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் குழந்தைநல மருத்துவராக இருப்பதால், நாண்டஹாலா ஆற்றுக்கும் அண்டை மாநிலமான டென்னசியின் ஒக்கோயி ஆற்றுக்கும் ராஃப்டிங், அதாவது பாய்ந்தோடும் நீரில் காற்றடைத்த படகுச் சவாரி, அழைத்துச் செல்லும் முகாம்களின் படிவங்களும் அவற்றில் இருக்கும். நானே ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு, மிகைத்துடிப்புக் கோளாறுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவரும் பையனின் படிவத்தில், கவனக் குறைபாடு உண்டா, தினசரி மருந்து உண்டா என்ற கேள்விகளுக்கு நேராகப் பெற்றோர் ‘இல்லை’ என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். சென்ற வாரமும் ஒன்று வந்தது. கேட்டால், “எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் டாக்டர், அதோடு, லீவில்தான் மருந்தை நிறுத்திவிடுகிறோமே, அது பள்ளிக்கூடத்துக்குத்தானே?” என்கிறார்கள்.

இந்த மருந்து மதிப்பெண்ணுக்காகத் தரப்படுவதன்று. சொல்வதைக் கேட்பதற்கும், கேட்டதை மனத்தில் நிறுத்துவதற்கும், கை கால் நீளுமுன் ஒரு நொடி பொறுப்பதற்கும் தரப்படுவது; இம்மூன்றும் வகுப்பறையைவிட ஆற்றில்தான் அவசரமாகத் தேவைப்படுகின்றன. மூன்றாம் தரப் பாய்ச்சலில் (ஆற்றின் வேகத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள்) வழிகாட்டி “நிறுத்து” என்று கத்தும்போது படகிலுள்ள அனைவரும் அதே கணத்தில் துடுப்பை நிறுத்த வேண்டும். தண்ணீரில் விழுந்தவன் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது, ஏனெனில் பாறையிடுக்கில் பாதம் சிக்கினால் இடுப்பளவுத் தண்ணீரும் ஆளை அமுக்கிவிடும். இதையெல்லாம் புறப்படுமுன் கரையில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்போது மனம் வேறெங்கோ இருந்த பையன், விழுந்ததும் எழுந்து நிற்கத்தான் பார்ப்பான். “நாங்கள் காவிரியில் குதித்து வளர்ந்தவர்கள், இவனுக்கும் நீச்சல் தெரியும்” என்று தந்தையர் சொல்வதுண்டு. நீச்சல் தெரிவது நல்லதுதான், ஆனால் இங்கே கேள்வி அதுவன்று. ஒக்கோயியில் 12 வயது நிறையாதவர்களை ஏற்றுவதில்லை. அந்த விதி பிறந்த தேதியைத்தான் பார்க்கிறது, ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் தன்னடக்கமோ வயதுக்குச் சில ஆண்டுகள் பின்தங்கியே வருகிறது.

விடுமுறையில் மருந்தை நிறுத்துவதே தவறென்று நான் சொல்லவில்லை. பசியும் எடையும் தேறட்டும் என்று வீட்டில் சும்மா இருக்கும் வாரங்களில் மெதைல்ஃபெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மருந்தை நிறுத்துமாறு சிலருக்கு நானே சொல்வதுண்டு, ஆனால் ஆற்றுக்குப் போகும் வாரம் அதற்கு உரியதன்று. இதே கோளாறுக்குத் தரப்படும் வேறு மருந்துகளான குவான்ஃபசின், குளோனிடின் ஆகியவற்றை எந்த வாரத்திலும் திடீரென நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம் எகிறிவிடும்.

சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற அச்சத்துக்கு வருகிறேன். இத்தகைய பிள்ளைகளுக்காகவே இம்மாநிலத்தின் பால்சம் என்னும் ஊரில் சோர் என்ற அமைப்பு 1977 முதல் முகாம் நடத்திவருகிறது. பொது முகாமிலும், விவரம் தெரிந்த வழிகாட்டி பையனைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லவைப்பார். இடம் வலம் குழம்பும் பிள்ளைக்கு இடக்கையில் ஒரு நாடா கட்டிவிடுவார். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள சிறுமியிடம் பாதுகாப்புக் குறிப்புகளைக் கொடுத்து எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்ல மாட்டார். வகுப்பில் தலைகுனிந்தே இருக்கும் பிள்ளைகள் பலர் படகில் நன்றாகவே தேறுகிறார்கள். அதனால் கோளாறு குணமாகிவிட்டது என்று ஆகஸ்டில் வந்து நிற்காதீர்கள்.

மருந்தை, மருந்துக்கடை ஒட்டிய சீட்டோடு, அதே புட்டியில் முகாம் செவிலியர் கையில் கொடுங்கள். பையில் ஒளித்து அனுப்பாதீர்கள். மெதைல்ஃபெனிடேட் போன்றவை சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், நண்பனுக்கு ஒன்று கொடுத்தாலும் குற்றம். மெதைல்ஃபெனிடேட் மதியப் பசியை அடக்கிவிடும். ஆகவே மாத்திரைக்கு முன்பே காலை உணவு வயிறு நிறைய இருக்கட்டும். நாண்டஹாலாவின் தண்ணீர் அணையின் ஆழத்திலிருந்து வருவதால் ஜூலையிலும் ஏறத்தாழ 50 டிகிரி பாரன்ஹீட்தான் (10 டிகிரி செல்சியஸ்). பசியற்று மெலிந்த பிள்ளை அதில் விரைவாக விறைத்துப்போகும், எனவே குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் வாடகைக்குக் கிடைத்தால் கணக்குப் பார்க்காமல் எடுத்துக்கொடுங்கள். படிவத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்; மறைக்கவேண்டிய ஒன்று தன்னிடம் இருப்பதாக அவன் நினைக்கவேண்டியதில்லை. மருந்தளவை மாற்ற விரும்பினால் ஒரு மாதம் முன்னதாகவே வாருங்கள், கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையில் தொலைபேசியில் கேட்காதீர்கள்.